எதிர்பாராமல் அப்பாவாகிறவன் கதை: அவன் எந்த இடத்தில் அப்பா ஆகிறான்?

#1 பாதிக்கதை

வணக்கம். ஒரு திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குடும்பக் கதை, காதலும் உண்டு, சிரிப்பும் உண்டு. ஏழு மாதமாக ஒரே இடத்தில் நின்றுவிட்டது. இங்கே கதை எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள், படத்தை ஊன்றிப் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள், பிள்ளை வளர்த்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நாயகனுக்கு 32 வயது. கடிகாரம் பழுது பார்ப்பவன். முன்னால் கடை, பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. தனியாள். மேல்மாடியில் குடியிருக்கும் பெண்ணை அவனுக்குப் பிடிக்கும். ஆனால் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "மழை வரும் போல" என்பதைத் தாண்டி அவனுக்கு வாய் வராது. ஒரு நாள் காலையில் அவனுடைய பழைய காதலியின் அக்கா, கையில் எட்டு மாதப் பெண் குழந்தையோடு கடைக்கு வருகிறார். தங்கை போய்ச் சேர்ந்துவிட்டாள், இது உன் பிள்ளை என்கிறார். ரத்த வகை பார்க்கிறார்கள், பொருந்துகிறது. குழந்தையை விட்டுவிட்டு அக்கா கிளம்பிவிடுகிறார்.

முதல் பாதி தண்ணீர் மாதிரி ஓடுகிறது. பால் கொட்டுவது, டயப்பரைத் தலைகீழாக மாட்டுவது, வாடிக்கையாளர் முன்னால் குழந்தை வீரிடுவது. அப்புறம் அந்தக் காட்சி வருகிறது. வெளியே மழை. குழந்தை அவன் விரலைப் பிடிக்கிறது. அவன் கண் கலங்குகிறது. "நீ என் பொண்ணு" என்கிறான். பதினொரு முறை எழுதிவிட்டேன், பதினொரு முறையும் பொய்யாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு மேல்மாடிப் பெண் வந்து குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுக்கிறாள், காதல் மலர்கிறது, மூவரும் ஒன்றாகிறார்கள். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, உயிர்தான் இல்லை.

எதிர்பாராமல் பிள்ளை வந்து சேர்ந்த ஒருவன் உண்மையில் எந்த நொடியில் அப்பா ஆகிறான்? அதில் காதலுக்கு எங்கே இடம்?

#2 அணில்வால்

விரலைப் பிடிக்கும் காட்சியை முதலில் தூக்குங்கள். அதை நான் பார்த்த கணக்குக்கு அளவே இல்லை.

#3 மூன்றாம்வரிசை

அணில்வால் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் காரணம் வேறு. விரல் காட்சியில் குழந்தைதான் எல்லா வேலையையும் செய்கிறது. அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

சாப்ளினின் 'தி கிட்' படத்தை இன்னொரு முறை பாருங்கள். 1921இல் வந்தது, அவர் இயக்கிய முதல் முழுநீளப் படம். 1919இல் அவருடைய முதல் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்துபோனது. அந்த ஆண்டே இந்தப் படத்தின் வேலையைத் தொடங்கினார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒவ்வொரு காட்சியும் வேறு மாதிரி கனக்கும்.

அதில் சாப்ளின் நடிக்கும் நாடோடி குப்பைக்கு அருகில் குழந்தையைக் கண்டெடுக்கிறான். உடனே மனம் உருகுகிறானா என்றால் இல்லை. அந்த வழியே வந்த பெண்ணின் தள்ளுவண்டியில் வைக்கப் பார்க்கிறான். ஒரு கிழவர் கையில் திணித்துவிட்டு ஓடப் பார்க்கிறான். தெருவோரத்தில் உட்கார்ந்து சாக்கடை மூடியைத் தூக்கி உள்ளே ஒரு பார்வை கூடப் பார்க்கிறான். நமக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றில் ஒரு பயமும் வருகிறது. பிறகு துணிக்குள் இருந்த சீட்டைப் படிக்கிறான், வீட்டுக்குத் தூக்கிப் போகிறான்.

அடுத்த காட்சிதான் நீங்கள் தேடுவது. தூளி ஒன்று தொங்குகிறது. அதற்கு மேலே கயிற்றில் ஒரு காபிக் கெட்டில், அதன் மூக்கில் ரப்பர் காம்பு. குழந்தை படுத்தபடியே குடிக்கிறது. அவன் கீழே உட்கார்ந்து பழைய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருக்கிறான். அப்புறம் ஒரு நாற்காலியை எடுத்து, உட்காரும் இடத்தில் ஓட்டை போடுகிறான். குழந்தை வளர்ந்து உட்காரும்போது கழிப்பதற்கு! வசனம் இல்லை, கண்ணீர் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் ஓட்டை விழுந்தபோதே அவன் அப்பா ஆகிவிட்டான். நாளைக்கும் இந்தக் குழந்தை இங்கே இருக்கும் என்று முடிவு செய்யாதவன் நாற்காலியை வீணாக்க மாட்டான்.

உங்கள் நாயகன் கடிகாரக்காரன். அவன் கையில் என்னென்ன கருவி இருக்கிறது என்று யோசியுங்கள்.

#4 இரவுப்பணி

பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். கதை எழுதத் தெரியாது. ஆனால் உங்கள் கதையில் சில விஷயங்களைத் திருத்தியே ஆக வேண்டும் என்று தோன்றியது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விரல் விஷயம். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் எதை வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். பென்சிலை வைத்தாலும் பிடிக்கும். அது அனிச்சைச் செயல், ஐந்தாறு மாதத்தில் மறைந்துவிடும். உங்கள் குழந்தைக்கு எட்டு மாதம். அந்த வயதில் விரலைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்காது, வாயில் வைத்துக் கடிக்கும்.

ரத்த வகை விஷயம். இதைப் பல கதைகளில் பார்த்துவிட்டேன். ரத்த வகை சில சமயம் "இவர் தகப்பன் இல்லை" என்று சொல்லும். "இவர்தான் தகப்பன்" என்று ஒருபோதும் சொல்லாது. ஒரே வகை ரத்தம் உள்ளவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதற்கு டிஎன்ஏ சோதனைதான் வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுப்பார்கள், ஊசி கூடத் தேவையில்லை.

எட்டு மாதக் குழந்தையின் முக்கியமான குணத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஆறேழு மாதம் வரைக்கும் யார் தூக்கினாலும் சிரித்துக்கொண்டு போகும். எட்டு மாதம் வாக்கில் பழகிய முகம் எது, புது முகம் எது என்று பிரித்து வைத்துக்கொள்ளும். புது ஆளைப் பார்த்தால் அழும். தாயைக் காணோம் என்பது தெரியும். அதற்கு முன்பு கண்ணில் படாதது அதற்கு இல்லாத மாதிரி. எட்டு மாதத்தில் "அம்மா எங்கேயோ இருக்கிறாள், வரவில்லை" என்று புரியத் தொடங்கிவிடும். உங்கள் குழந்தை முதல் நாளே அவனைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி எழுதியிருக்கிறீர்களா? சிரிக்காது. கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒன்று, இது கதைக்காக மட்டும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் தவழும், எதை எடுத்தாலும் வாய்க்குத்தான் போகும். கடிகாரக் கடைத் தரையில் திருகாணி கிடக்கும், பொத்தான் பேட்டரி கிடக்கும். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். நாணயம் விழுங்குவது போல் இல்லை இது, ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கக் கூடாது. படத்தைப் பார்க்கிற யாராவது ஒருவர் வீட்டில் பேட்டரி டப்பாவை உயரத்தில் எடுத்து வைத்தால் எனக்குச் சந்தோஷம்.

#5 பாதிக்கதை

இரவுப்பணி அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் என்றீர்களே, அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி நெடுநேரம் தூக்கம் வரவில்லை. முதல் நாள் சிரிப்பதாகத்தான் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ரத்த வகையும் போயிற்று.

மூன்றாம்வரிசை சொன்ன நாற்காலி மனதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதைக் கடிகாரக் கடைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று இன்னும் தெரியவில்லை.

#6 தாழ்வாரம்

எனக்கு இந்தக் கதையில் இருக்கும் இரண்டு பெண்களைப் பற்றிப் பேச வேண்டும். இதுவரை யாரும் பேசவில்லை.

முதலாவது குழந்தையின் தாய். அவளை ஏன் கொன்றீர்கள்? உங்களுக்கு அவள் வழியில் நின்றாள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. தனியாகச் சுமந்து பெற்று எட்டு மாதம் வளர்த்தவள் ஒரே வசனத்தில் போய்ச் சேர்கிறாள். அடுத்த நிமிடம் டயப்பர் தலைகீழாக மாட்டுகிறான், நாங்கள் சிரிக்க வேண்டுமாம். முடியாது. ஒரு தாய் செத்துப்போன வீட்டில் அந்தச் சிரிப்பு வராது. வந்தால் தப்பு.

பிரெஞ்சு இயக்குநர் கொலின் செரோ 1985இல் மூன்று ஆண்கள் ஒரு கைக்குழந்தையோடு மாட்டிக்கொள்ளும் நகைச்சுவைப் படம் எடுத்தார். பிரான்சில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. 1987இல் லெனார்ட் நிமோய் அதை ஹாலிவுட்டில் மறுபடி எடுத்தார், அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் வசூலித்த படம் அதுதான். இரண்டு படத்திலும் தாய் உயிரோடு இருக்கிறாள். குழந்தையை விட்டுப் போகிறாள், திரும்ப வந்து வாங்கிக்கொண்டு போகிறாள். குழந்தை போன பிறகு அந்த ஆண்களுக்கு வீடு வீடாக இல்லை. அவளுக்கும் வேலையையும் குழந்தையையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை. மறுபடி வந்து நிற்கிறாள். அவள் கெட்டவளும் இல்லை, தியாகியும் இல்லை, களைத்துப்போனவள். எவ்வளவு நேர்மையான விஷயம் அது!

இரண்டாவது மேல்மாடிப் பெண். அவளுக்கு என்ன வேலை, என்ன ஆசை, எதற்குக் கோபம் வரும் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை நீங்கள். குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியும் என்பது மட்டும்தான் தெரிகிறது. பெண் என்றால் குளிப்பாட்டத் தெரியும் என்று யார் சொன்னது? எனக்கு என் முதல் பிள்ளை பிறக்கும் வரை தெரியாது. முதல் தடவை கை நடுங்கியது. சோப்பு போட்ட குழந்தை கையில் மீன் மாதிரி வழுக்கும்.

#7 பாதிக்கதை

தாழ்வாரம், மேல்மாடிப் பெண்ணைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அவளை நான் யோசிக்கவே இல்லை.

தாயைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அவள் உயிரோடு இருந்தால், எட்டு மாதம் அவனிடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். சொல்லாததற்கு வலுவான காரணம் கொடுத்தால் அவன் கெட்டவனாகிவிடுவான். கொடுக்காவிட்டால் அவள் கெட்டவளாகிவிடுவாள். இறந்துவிட்டால் யார் மீதும் பழி இல்லை. அதனால்தான் அப்படி எழுதினேன்.

#8 தாழ்வாரம்

யார் மீதும் பழி வராத கதையில் யாருக்கும் நாக்கு இருக்காது. சொல்லாததற்குச் சின்னக் காரணம் போதும். சொல்ல நினைத்துப் போனில் எண்ணைத் தட்டிவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் சொல்லலாம் என்றாள். மறுநாள் எட்டு மாதமாகிவிட்டது. மனிதர்கள் அப்படித்தானே?

#9 அணில்வால்

இது நல்ல காரணம். நம்புகிறேன்.

#10 பழையபிரதி

புத்தகப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஜார்ஜ் எலியட் 1861இல் எழுதிய 'சைலஸ் மார்னர்'. மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண்தான் அந்தப் பெயரில் எழுதினார். சைலஸ் தனியாக வாழும் நெசவாளி, மனிதர்களோடு ஒட்டாதவன், சேர்த்து வைத்த தங்கக் காசுகளைத் தினமும் எண்ணுவதுதான் அவன் வாழ்க்கை. காசு திருட்டுப் போகிறது. பிறகு ஒரு பனி இரவில் தாயை இழந்த ஒரு சின்னக் குழந்தை தானாக நடந்து வந்து அவன் அடுப்பங்கரையில் படுத்துத் தூங்குகிறது. அவனுக்குக் கிட்டப்பார்வை. தரையில் மின்னுவது தன் தங்கம் என்று நினைத்துக் கையை நீட்டுகிறான். விரலில் படுவது மெத்தென்ற முடி.

நகைச்சுவையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் இந்த இடத்தைச் சொல்ல வேண்டும். தறியில் வேலை செய்யும்போது குழந்தை ஓடிவிடக் கூடாது என்று இடுப்பில் நீளமான துணிப்பட்டை கட்டி, மறுமுனையைத் தறியில் கட்டி வைக்கிறான். அவள் அவனுடைய கத்தரிக்கோலை எடுத்து அதை வெட்டிவிட்டு வெளியே போய்விடுகிறாள். பதறிப்போய்த் தேடிக் கண்டுபிடிக்கிறான். பக்கத்து அம்மாள் ஒருத்தி முன்பே சொல்லியிருக்கிறாள், தப்பு செய்தால் கொஞ்ச நேரம் கரி போடும் அறையில் அடைத்து வை, திருந்திவிடும் என்று. மனசே இல்லாமல் அடைக்கிறான். "திற, திற" என்று குரல் வந்ததும் திறந்துவிடுகிறான். குளிப்பாட்டி, வேறு உடை போட்டு, இனிமேல் செய்ய மாட்டாள் என்று நம்பித் தறிப் பக்கம் திரும்புகிறான். திரும்பிப் பார்த்தால் குழந்தை தானே கரி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, நான் கரி அறையில் இருக்கிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள். அவளுக்கு அது விளையாட்டு!

அதோடு அவன் தண்டிப்பதை விட்டுவிடுகிறான். 160 வருஷத்துக்கு முன்னால் எழுதிய இந்த இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு நான் இன்றும் வாய்விட்டுச் சிரிக்கிறேன். அவன் முட்டாள் என்பதால் வரும் சிரிப்பு இல்லை அது. அவனும் தெரிந்ததை எல்லாம் செய்து பார்க்கிறான், குழந்தை ஒவ்வொரு முறையும் ஒரு படி முன்னால் இருக்கிறது. உங்கள் டயப்பர் காட்சியில் இது இல்லை. அங்கே அவன் வெறுமனே கையாலாகாதவனாக நிற்கிறான்.

16 வருஷம் கழித்துப் பெற்ற தகப்பன் வந்து உரிமை கேட்கும்போது அவள் யாரோடு இருப்பேன் என்கிறாள் என்பதைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

#11 நெடுவழி

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு நடந்தது.

அப்போது எனக்கு 29 வயது, கல்யாணம் ஆகவில்லை. தங்கை தன் பத்து மாதக் குழந்தையை "இரண்டு வாரம் வைத்துக்கொள் அண்ணா" என்று கொடுத்தாள். அந்த இரண்டு வாரம் இப்போது பதினொரு வருஷம். காரணம் என் தங்கையுடையது, அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

எந்த நொடியில் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. வந்து ஆறாவது நாள் ராத்திரி. குழந்தை அழுது அழுது, தோளில் போட்டு நடந்து நடந்து, ஒரு வழியாகத் தூங்கியது. தொட்டிலில் கிடத்திவிட்டு நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கீல் கிரீச் என்றது. எழுந்துவிட்டது. மறுபடி ஒரு மணி நேரம் நடந்தேன். மறுபடி கதவு, மறுபடி கிரீச். மூன்றாவது தடவை தூங்கியபோது மணி 2.40. நான் கதவைச் சாத்தவில்லை. சமையலறைக்குப் போய் எண்ணெய்ப் புட்டியையும் ஒரு காக்கை இறகையும் எடுத்து வந்தேன். இருட்டில் மண்டியிட்டு, மூன்று கீலுக்கும் ஒவ்வொரு சொட்டாக எண்ணெய் விட்டேன். கதவை ஒரு விரல் அளவு ஆட்டிப் பார்ப்பது, நிறுத்துவது, காது கொடுப்பது, இன்னொரு சொட்டு. அந்தக் கதவு நான் குடிவந்த நாளிலிருந்து நாலு வருஷமாகக் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் கூட அது என் காதில் விழுந்ததில்லை.

எண்ணெய் விடும்போது எனக்குப் பாசம் பொங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தூக்கம்தான் பொங்கியது. ஆனால் மறுநாள் காலையில் அலுவலகம் போகும் வழியில் திடீரென்று தோன்றியது: இரண்டு வாரம் இருக்கப்போகும் குழந்தைக்கு யாராவது கீலுக்கு எண்ணெய் விடுவார்களா?

அப்புறம் வீட்டில் எல்லாச் சத்தமும் எனக்குத் தெரிந்துபோனது. எந்தப் படி முனகும், எந்த ஜன்னல் காற்றில் அடிக்கும், குழாயை எவ்வளவு திறந்தால் ஊளையிடாது. பேச்சே மெதுவாகிவிட்டது. அலுவலகத்தில் என் எதிர் மேசைக்கு மாற்றலாகி வந்த பெண் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஏன் எப்போதும் கிசுகிசுப்பாகவே பேசுகிறீர்கள், யாராவது தூங்குகிறார்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடம் நான் வேலை தவிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அது. இப்போது அவள் என் மனைவி.

தங்கை மகள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். பள்ளியில் அப்பா பெயர் கேட்டால் அவளுடைய அப்பா பெயரைத்தான் சொல்வாள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

#12 இரவுப்பணி

நெடுவழி, இதைப் பணி முடிந்து வந்து படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பதினொரு வருஷம் ஆகியும் மணி 2.40 என்று நினைவிருக்கிறது பாருங்கள். எங்கள் பிரிவில் தகப்பன்மார்களைக் கேட்டால் பிறந்த நேரத்தைத் தப்பாகச் சொல்வார்கள், முதல் முறை தாங்களே தூங்கவைத்த நேரத்தைச் சரியாகச் சொல்வார்கள்.

#13 மூன்றாம்வரிசை

நெடுவழி சொன்னதற்கு அறிவியலிலும் ஒரு துணை இருக்கிறது. 2011இல் பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் 624 ஆண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கணிசமாகக் குறைந்திருந்தது. அதிலும் தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, பார்க்காத தகப்பன்களைவிடக் குறைவு. பிள்ளையோடு செலவழிக்கும் நேரத்துக்கும் ஆணின் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறது.

இதைப் படத்தில் வசனமாக வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஒரு வெள்ளைக் கோட்டு ஆள் வந்து விளக்கினால் எல்லாம் கெட்டுவிடும். எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

படப்பிடிப்பு பற்றியும் ஒன்று. எட்டு மாதக் குழந்தையை வைத்து நீளமான காட்சி எழுதினால் எடுக்க முடியாது. கலிபோர்னியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் கேமரா முன்னால் இருக்கலாம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இரண்டு மணி நேரம். அதனால்தான் இரட்டைக் குழந்தைகளாகப் பார்த்து மாற்றி மாற்றி நடிக்க வைப்பார்கள். 'தி கிட்'டில் நடித்த ஜாக்கி கூகன் சம்பாதித்ததை எல்லாம் தாயும் மாற்றாந்தந்தையும் கரைத்துவிட்டார்கள். அவர் வழக்கு போட்ட பிறகு 1939இல் குழந்தை நட்சத்திரங்களின் வருமானத்தைக் காக்கச் சட்டம் வந்தது. அன்பான தகப்பன் கதையில் நடித்த பிள்ளைக்கு அப்படி ஒரு நிலைமை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

#14 தாழ்வாரம்

பாதிக்கதை, நெடுவழி எழுதியதில் உங்கள் காதல் கதையும் இருக்கிறது, கவனித்தீர்களா? அந்தப் பெண் குழந்தை வளர்க்க உதவி செய்ய வரவில்லை. அவனுடைய குரல் மாறியதைக் கவனித்தாள், அவ்வளவுதான். குழந்தை அவனை மாற்றியது, மாறிய ஆளை அவள் பார்த்தாள். உங்கள் கதையில் காதல் வேறு அறையில் நடக்கிறது, குழந்தை வேறு அறையில் இருக்கிறது. நடுவில் கதவே இல்லை.

மேல்மாடிப் பெண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். அவனால் அந்த வேலைக்கு ஓர் இடைஞ்சல் வரட்டும். கோபமாகவே உள்ளே வரட்டும்.

#15 பாதிக்கதை

நான்கு நாளாக வரவில்லை, மன்னிக்கவும். எழுதிக்கொண்டிருந்தேன். தாய் உயிரோடு இருக்கிறாள் இப்போது. அக்கா வரவில்லை, அவளேதான் வருகிறாள். ஆறு வாரப் பயிற்சி, அது முடிந்தால்தான் வேலை நிரந்தரம், அழைத்துப்போக வழியில்லை என்கிறாள். "சொல்லணும்னு பத்து தடவை போன் எடுத்தேன்" என்கிறாள். டிஎன்ஏ சோதனைக்கான பஞ்சுக்குச்சி உறையை மேசையில் வைக்கிறாள், அவன் அதைப் பிரிப்பதே இல்லை. குழந்தை கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் ராத்திரியே அவன் பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துத் திருகாணிகளைப் பொறுக்குகிறான். காந்தத்தில் ஒட்டாதது இருக்குமே என்று பயந்து, விளக்கைத் தரையோடு தரையாக வைத்து மறுபடி தேடுகிறான். அது உங்களுக்காக, இரவுப்பணி அக்கா. ஆனால் அது பயத்தில் செய்வது. நான் தேடிய இடம் அதற்கு ஐந்து நாள் கழித்து வருகிறது. அதை அப்படியே இங்கே போடுகிறேன்:

கடை. இரவு. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், இருபத்து மூன்று. எல்லாம் சாவி கொடுத்து ஓடுபவை. அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். அது தூங்குகிறது. மெதுவாகப் படுக்கையில் கிடத்துகிறான். மணி இரண்டு அடிக்கிறது. ஒன்றல்ல, இருபத்து மூன்றும், ஒன்றன்பின் ஒன்றாக. குழந்தை எழுந்து அழுகிறது.

மறுபடி நடக்கிறான். தூங்குகிறது. கிடத்துகிறான். நிமிர்ந்து பார்க்கிறான், மணி மூன்று ஆக நான்கு நிமிடம். நாற்காலியை எடுத்துப் போடுகிறான். முதல் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஆடும் ஊசலை இரண்டு விரலால் பிடித்து நிறுத்துகிறான். அடுத்தது. அடுத்தது. அவனுடைய அப்பா காலத்திலிருந்து நிற்காத கடிகாரம் ஒன்று நடுவில் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு நொடி கை நிற்கிறது. குழந்தை புரள்கிறது. அதையும் நிறுத்துகிறான். கடைசிக் கடிகாரத்தை அவன் தொடும்போது பெரிய முள் பன்னிரண்டைத் தொட ஒரு கோடுதான் மிச்சம். பிறகு கடையில் ஒரு சத்தமும் இல்லை. அவனுக்கே அது புதிது. குழந்தை மூச்சு விடுவது கேட்கிறது.

காலை. கடைக் கதவு படபடவென்று தட்டப்படுகிறது. மேல்மாடிப் பெண். காலைப் பணிக்குப் போகும் பேருந்து ஓட்டுநர் அவள். இரண்டு வருஷமாக அவளுக்கு அலாரமே கிடையாது. கீழ்க்கடையில் ஐந்து மணி அடித்தால் எழுவாள். இன்று அடிக்கவில்லை. சீருடைச் சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாள். வாயைத் திறந்து கத்தப் போகிறாள். அவன் உதட்டில் விரலை வைத்து, உள்ளே காட்டுகிறான். அவள் பார்க்கிறாள். குழந்தை. நின்றுபோன இருபத்து மூன்று கடிகாரம்.

#16 அணில்வால்

ஐயோ, அப்புறம்?

#17 நெடுவழி

அப்பாவின் கடிகாரத்தின் முன்னால் கை நின்ற இடம் எனக்குப் போதும். ஒரு சந்தேகம் மட்டும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டான். காலையில் மறுபடி ஓட விட வேண்டுமே, எந்த நேரத்துக்கு வைப்பான்?

#18 பாதிக்கதை

அதுதான் அவர்களுடைய முதல் வசனம், நெடுவழி. அவன் கிசுகிசுப்பாக அவளிடம் கேட்கிறான்: "மணி என்ன?"

அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். அதுவும் நின்றிருக்கிறது. கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள்.